கூடுமானவரை

அமைதிப் பேச்சுவார்த்தைக்கு நாற்காலி போட ஒரு முறை உண்டு. வட்டாட்சியர் மேசைக்கு இடப்பக்கம் ஒரு தரப்பு, வலப்பக்கம் மறு தரப்பு. இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கைவைத்த நாற்காலியும் மறுபக்கம் பெஞ்சும் போட்டால் பேச்சு தொடங்கும் முன்பே ஒருவர் எழுந்து போய்விடுவார். இன்ஸ்பெக்டருக்குச் சுவரோரம். கிராம நிர்வாக அலுவலர் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருப்பார். கடைசியில், ஜன்னல் பக்கம், தமிழ் டைப் மிஷினோடு நான்.

1989-இல் தட்டச்சராக வருவாய்த் துறையில் சேர்ந்தேன். 2023-இல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். இந்த 34 ஆண்டில் எத்தனை பட்டா, எத்தனை வாரிசுச் சான்று என் கை வழியாகப் போனதென்று கணக்கில்லை. அதில் எதுவும் இப்போது கனவில் வருவதில்லை. வருவதெல்லாம் அந்த நாற்காலி வரிசைதான். சப்பரம் எந்த ரோட்டில் போகலாம், அம்மன் கோயில் கொடை விழாவுக்கு மைக்செட் எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், குருசடிக்கு, அதாவது ரோட்டோரச் சிலுவைக் கோயிலுக்கு, மதில் கட்டலாமா, பாங்கு நேரத்தில் நையாண்டி மேளம் நிற்குமா. குமரி மாவட்டத்தில் மதச்சார்பின்மை என்ற பெரிய சொல் இந்தச் சின்னக் கேள்விகளாகத்தான் தாலுகா ஆபீஸ் படியேறி வரும்.

இதை எழுதக் காரணம் என் அண்ணன் மகள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சமயச் சார்பற்ற குடியரசு, 42-ஆவது திருத்தம், 1976" என்று ஒப்பித்தாள். 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் மதச்சார்பின்மை அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் ஒப்பித்தாள். பிறகு நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள். "அத்தை, அரசாங்கத்துக்கு மதம் கிடையாதுன்னா, கோயிலுக்கு எதுக்கு பைசா கொடுக்கு?"

நல்ல கேள்வி. நம் மாவட்டத்துப் பிள்ளை கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஏனென்றால் இந்திய அரசியலமைப்பில் நம் மாவட்டத்துக் கோயில்களையும் சேர்த்து ஒரு பிரிவு இருக்கிறது. 290-அ. கேரள அரசின் தொகுநிதியிலிருந்து ஆண்டுக்கு 46,50,000 ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஆண்டுக்கு 13,50,000 ரூபாய், 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த பகுதியிலுள்ள கோயில்களின் பராமரிப்புக்குக் கொடுக்க வேண்டும். தாய்த் தமிழகத்தோடு நாம் இணைந்த அதே நாள். சட்டமன்றம் ஓட்டுப் போட்டு மறுக்க முடியாதபடி தொகுநிதியின் மேல் சாற்றிய செலவு அது. மதச்சார்பற்ற நாட்டின் சட்டப் புத்தகத்தில், ரூபாய்க் கணக்கோடு, கோயிலுக்கு!

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு மதத்துக்குச் சலுகை என்றுதான் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பழைய ஃபைல்களோடு பழகிய பிறகுதான் விளங்கியது. 1811, 1812 ஆண்டுகளில் திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, நூற்றுக்கணக்கான கோயில்களின் நிலத்தைச் சர்க்காரோடு சேர்த்துக்கொண்டார். வயல், தோப்பு, பாட்டம், எல்லாமே. நிலத்தின் வருமானம் கஜானாவுக்குப் போனது. பதிலுக்குப் பூஜைக்கும் எண்ணெய்க்கும் படித்தரம் சர்க்கார் கொடுத்தது. அந்தச் சர்க்கார் போய் இன்னொன்று வந்தது, அதுவும் பிரிந்தது. நிலம் திரும்ப வரவில்லை. கொடுக்க வேண்டியது மட்டும் கைமாறிக் கைமாறி நம் தொகுநிதிக்கு வந்து நின்றது.

"அப்போ இது தானம் இல்ல, கடனா?" என்றாள்.

கடன்தான். நிலத்தை எடுத்தவன் ஈடு கொடுக்கிறான். இதில் பக்தி எதுவும் இல்லை. எந்தச் சமயத்தையும் சாராத அரசு, வாங்கியதை மறந்துவிட்ட அரசாக இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். இதே கண்ணோடுதான் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நான் படித்தது சபை நடத்தும் உதவிபெறும் பள்ளி. ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுத்தது. "கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துக்கு நம்ம வரிப்பணமா" என்று கேட்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தப் பணம் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சருக்குப் போனது. நான் நெற்றியில் திருநாமத்தோடு முதல் பெஞ்சில் இருந்தேன். மறைக்கல்வி நேரம் வரும்போது எங்களை வேறு வகுப்புக்கு அனுப்பி நீதிபோதனை நடத்துவார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் பிள்ளையைச் சமயப் போதனைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற 28-ஆவது பிரிவு, எங்களுக்கு வராந்தாவைத் தாண்டி அடுத்த அறைக்குப் போகும் இருபது அடி நடையாக இருந்தது. யாரும் எங்களைக் குறைத்து நடத்தவில்லை.

திருநாமம் என்றேன். எங்கள் வீடு ஐயாவழி, ஐயா வைகுண்டரைப் பின்பற்றும் வீடு. அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வழிபாட்டு இடமான நிழல்தாங்கலுக்குப் போவார், தலைப்பாகை கட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நிற்பார். அம்மாவின் தங்கை குடும்பம் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள். பெரிய அத்தையைக் கட்டிக் கொடுத்த வீடு முத்தாரம்மன் கொடை நடத்தும் வீடு. நம் மாவட்டத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. இதில் எங்களைப் போன்ற ஐயாவழிக்காரர்களைப் பெரும்பாலும் இந்து என்றே எழுதிவிடுவார்கள். இந்தச் சதவீதத்தை மேடையில் வாசிக்கும்போது இரண்டு படை எதிரெதிரே நிற்பதுபோல இருக்கும். பேச்சுவார்த்தையில் நான் பார்த்ததோ, இடப்பக்க நாற்காலியில் இருப்பவரும் வலப்பக்க நாற்காலியில் இருப்பவரும் சித்தப்பா பெரியப்பா மக்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தி விசாரித்திருப்பார். சண்டை அதனால் குறைவதில்லை. சில நேரம் அதனாலேயே கூடும்.

எங்கள் ஆட்களுக்கு அரசு நடுவில் நிற்பது ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதையும் மருமகளிடம் சொன்னேன். 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்து, தான் பத்மநாபதாசனாக ஆண்டார். திருப்படிதானம் என்பார்கள். அரசும் சமயமும் ஒன்று. வரி வாங்கும் கைதான் தீண்டாமைக்கும் காவல் நின்றது. நட்டாலத்தில் பிறந்து கிறிஸ்தவரான தேவசகாயத்தை 1752-இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது எங்கள் தெருவில் டிவி முன்னால் எல்லா வீட்டுக்காரரும் கூடியிருந்தோம். நாடார் பெண்கள் மேல்சீலை உடுக்க அரசாணை வாங்க 1859 ஜூலை 26 வரை ஆனது. எங்கள் குலத்துப் பெண் எதை உடுக்க வேண்டும் என்று அரண்மனை முடிவு செய்த காலம் அது. ஐயா வைகுண்டர் எல்லா சாதிக்கும் ஒரே கிணறு என்று முத்திரிக்கிணறு வெட்டியதும், ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னதும் அந்தக் காலத்தில்தான்.

அப்புறம் ரோடு. சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கு 1926-இலும் 1930-இலும் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. டாக்டர் எம்.ஈ. நாயுடு முன்னால் நின்றார். கேட்டது கோயிலைக்கூட அல்ல, தெருவை. கோயில் கதவு 1936 நவம்பர் 12 பிரகடனத்தில்தான் திறந்தது. ஆகவே நம் ஊரில் ஒருவர் "இது எங்க ரோடு, ஒங்க சப்பரம் இதுவழியா வரண்டாம்" என்று சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் பதறும். எந்தத் தரப்பு சொன்னாலும் பதறும். ரோடு யாருடையது என்ற கேள்விக்கு நம் தாத்தாமார் அடிவாங்கிப் பதில் எழுதியிருக்கிறார்கள்.

1982-ஐச் சொல்லாமல் இதை எழுத முடியாது. எனக்கு அப்போது 18 வயது. மார்ச் 1, மண்டைக்காட்டில் மாசிக் கொடை. கடலில் குளிக்கப் போன பக்தர்களுக்கும் கடப்புறத்துக் கிறிஸ்தவ மீனவ மக்களுக்கும் இடையில் தொடங்கி, போலீஸ் சுட்டு, உயிர்கள் போயின. பிறகு வாரக்கணக்கில் ஊர் ஊராக எரிந்தது. வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. குன்றக்குடி அடிகளார் வந்து கடலோரக் கிராமங்களில் நடந்து பேசினார். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும். என் நினைவில் இருப்பது, எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கடப்புறத்து அக்கா வராமல் போனதுதான். வாரத்தில் நாலு நாள் தலைச்சுமடாகக் கொண்டு வருவார். சாளை, நெத்திலி, சில நாள் கட்டா. திண்ணையில் கடவத்தை இறக்கி, அம்மாவிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் விலை பேசுவார். பல வாரம் வரவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் வெளியூர் ஆள் யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று ஒரே திண்ணையில் ராத்திரி விழித்திருந்தார்கள், ஒருவர் நெற்றியில் நாமத்தோடும் ஒருவர் கழுத்தில் குருசோடும். அந்த அக்கா திரும்பி வந்த அன்று கடவத்தில் பாதிதான் மீன். அம்மா விலை பேசவில்லை. அவரும் வெற்றிலை கேட்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டார் என்று அம்மா சொன்னாள். அந்தக் கூச்சம் போக இரண்டு வருடம் ஆனது.

ஏழு வருடம் கழித்து நான் வேலையில் சேர்ந்தபோது எல்லா ஆபீஸிலும் அந்த வருடத்தின் பயம் இருந்தது. திருவிழா, கொடை என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே ஃபைல் திறப்பார்கள். நல்ல பயம் அது, நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளூர் விடுமுறை ஆணைகளும் நிறைய வரும். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர், ஐயா அவதார தினம், மண்டைக்காடு கொடை, தக்கலை பீர்முகமது அப்பா நினைவு நாள், இணைப்பு நாளான நவம்பர் 1. எல்லா ஆணையிலும் கடைசிப் பத்தி ஒன்றுபோல இருக்கும். செலாவணி முறிச் சட்டம் 1881-இன்படி இது பொது விடுமுறை அல்ல, கருவூலம் குறைந்த பணியாளர்களோடு இயங்கும், பதிலாக இன்ன சனிக்கிழமை வேலை நாள். தேதியையும் திருவிழாப் பெயரையும் மட்டும் மாற்றி அடிப்பேன். சவேரியாருக்கு ஒரு வாக்கியம், அம்மனுக்கு ஒரு வாக்கியம் கிடையாது. அப்போது அது எனக்குச் சலிப்பான வேலை. இன்று யோசித்தால், அரசு சமயங்களிடம் பேச வேண்டிய மொழி அந்தக் கடைசிப் பத்தியில்தான் இருக்கிறது.

என்னை வேலைக்கு எடுத்துக்கொண்ட முதல் வட்டாட்சியர் பெயரை வைத்துச் சமயம் சொல்ல முடியாத மனிதர். நம் மாவட்டத்தில் அப்படிப் பெயர் நிறைய. என் முதல் அமைதிக் கூட்டத்துக்கு முந்தின நாள் அவரிடம் போய், "சார், நாளைக்கு நான் நாமம் போடாம வரட்டுமா?" என்று கேட்டேன். ஒரு தரப்பு எங்கள் பக்கத்து ஆட்கள். மறு தரப்புக்கு என்னைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று பயம். அவர் ஃபைலிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்.

"நாமம் ஒங்க நெத்தியில இருக்கட்டும்மா. மிஷின்ல இருக்கண்டாம்."

பிரான்சில் இப்படிக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. 1905-இல் சட்டம் போட்டுச் சபையையும் அரசையும் பிரித்தவர்கள் அவர்கள். அரசு ஊழியர் வேலை நேரத்தில் சமய அடையாளம் அணியக் கூடாது. 2004 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் எடுப்பாகத் தெரியும் அடையாளத்தோடு வரக் கூடாது. பார்த்தவுடன் தெரிந்துவிடும் விதி. நெற்றி வெறுமையாக இருக்கிறதா, சரி. நம் நாட்டில் அப்படி இல்லை. நாமத்தோடு, குருசோடு, தொப்பியோடு, அவரவர் கோலத்தில் வந்து ஒரே மேசையில் வேலை பார்க்கலாம். எனக்கு நம் முறைதான் பிடித்திருக்கிறது. நாமத்தை அழித்துவிட்டு வா என்று சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் என்னை வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள், ஒரு பெண் பிள்ளையின் சம்பளம் போயிருக்கும். ஆனால் நம் முறை கஷ்டமானது. நெற்றியைச் சோதிக்கலாம், மிஷினை யார் சோதிப்பது? அங்கே உட்கார்ந்திருப்பவர் தானே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை நான் அதில் தவறினேன்.

எந்த ஆபீஸ், எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. அங்கே இப்போது நன்றாக இருக்கிறார்கள். 1990-களின் நடுவில் நடந்தது. ஒரே ரோட்டில் ஓர் அம்மன் கோயிலும், அரை ஃபர்லாங் தள்ளி ஒரு குருசடியும். குருசடிச் சப்பரம் போகும்போது கோயில் நடையில் பேண்டு அடித்தார்கள் என்றும், கொடை ஊர்வலம் குருசடி முன்னால் நின்று வேண்டுமென்றே கொட்டினார்கள் என்றும் இரண்டு பக்கமும் மனு. நாலு மணி நேரம் பேச்சு. மாமூல் என்ற சொல்லை அன்று நூறு முறை கேட்டிருப்பேன். இன்று அதற்கு லஞ்சம் என்றுதான் பொருள் கொள்வார்கள். வருவாய்த் துறையில் வழக்கம் என்று பொருள். "எங்களுக்கு மாமூல் உண்டு சார், எனக்க அப்பா காலத்துலயே மேளத்தோடதான் போவோம்." இப்படி இரண்டு பக்கமும்.

கடைசியில் மின்கம்பங்கள்தான் காப்பாற்றின. கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதை யாரும் மறுக்க முடியாது. சப்பரம் 23-ஆம் எண் கம்பம் முதல் 25-ஆம் எண் கம்பம் வரை இசைக்கருவிகளை நிறுத்திச் செல்லும். கொடை ஊர்வலம் 31 முதல் 33 வரை அதேபோல் நிறுத்திச் செல்லும். பதிவேட்டில் கையால் எழுதி, வாசித்துக் காட்டி, இரு தரப்பும் கையொப்பமிட்டார்கள். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல்தான் போனார்கள், ஆனாலும் கையொப்பமிட்டார்கள்.

சாயங்காலம் நான் உண்மை நகல் அடித்துக்கொண்டிருந்தேன். கார்பன் வைத்து ஐந்து படி. இரு தரப்புக்கும் ஒவ்வொன்று, காவல் நிலையத்துக்கு, கோட்டாட்சியருக்கு, கோப்புக்கு. எனக்கு மேலிருந்த ஒருவர் மேசைக்கு வந்தார். வட்டாட்சியர் அல்ல, அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தவர். குரலைத் தாழ்த்தி, "ஊர்வலம் வர்ற வரியில 'கூடுமானவரை'ன்னு ஒரு சொல் சேத்துக்கோ பிள்ளே. கொடைக்கு ஆயிரம் பேரு வருவான், எல்லாரையும் பிடிச்சா நிறுத்த முடியும்?" என்றார்.

ஒரே ஒரு சொல். சப்பரம் நிறுத்திச் செல்லும். ஊர்வலம் கூடுமானவரை நிறுத்திச் செல்லும்.

மேலதிகாரி சொன்னார், அடித்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். பல வருடம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்தச் சொல்லை அடிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. பெரிய அத்தை வீட்டுக் கொடை நினைவு வந்தது. 1982-இல் எங்கள் பக்கம் பட்டதெல்லாம் நினைவு வந்தது. அந்தப் பக்கம் பட்டது அந்த நிமிஷம் நினைவு வரவில்லை. திண்ணையில் விழித்திருந்த சித்தப்பா நினைவு வரவில்லை, பாதிக் கடவத்தோடு வந்த அக்கா நினைவு வரவில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள், ஒரு சொல்தானே. நாமம் மிஷினுக்குப் போய்விட்டது. வட்டாட்சியர் என்னை நம்பி ஐந்து படியிலும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடக் கொடையில் 31-ஆம் கம்பத்திலும் மேளம் நிற்கவில்லை. 32-லும் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு நகலை எடுத்து நீட்டினார்கள். "கூடுமானவரைன்னுதானே சார் இருக்கு. கூட்டத்துல முடியல்ல." எழுத்துப்படி அவர்கள் சொன்னது சரி. குருசடிக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். யார் முதலில் எறிந்தது என்று இன்றுவரை தெரியாது. பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு நெற்றியில் நாலு தையல். கொடைக்கு வந்த பையன்தான், எங்கள் பக்கத்துப் பிள்ளை. அவன் அம்மா தாலுகா ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுபடி நாற்காலி போட்டோம். வட்டாட்சியர் மாறியிருந்தார், அந்த மேலதிகாரியும் மாற்றலாகிப் போயிருந்தார். சபைப் பக்கம் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற வாத்தியார். நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கூட்டத்தில் யாரிடமும் கோபப்படவில்லை. எழுந்து நேராக ஜன்னல் பக்கம் வந்து தாளை என் முன்னால் விரித்தார்.

"மக்களே, இது நீ அடிச்சதுதானே? அண்ணைக்கு வாசிச்சப்போ இந்தச் சொல்லு கேட்ட ஞாபகம் இல்லியே. எனக்குத்தான் காது மந்தமா?"

அவர் உண்மையாகவே தன் காதைச் சந்தேகப்பட்டுத்தான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "இல்ல சார், வாசிச்சதுல அது கிடையாது. நான்தான் சேத்தேன்" என்றேன். யார் சொல்லி என்று வட்டாட்சியர் கேட்டார். சொன்னவர் அங்கே இல்லை, அடித்த கை என்னுடையது என்றேன். அறையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் காட்டிக்கொடுத்தவள். மறுபக்கத்துக்கு ஏமாற்றியவள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கண்டனம் என்று பணிப் பதிவேட்டில் ஏறியது. அந்த ஊரிலிருந்து வந்த ஓர் உறவுக்காரர் மூன்று வருடம் என்னோடு பேசவில்லை.

அந்தப் புதிய வட்டாட்சியர் அன்று செய்த காரியம் ஒன்று இருக்கிறது. பழைய பதிவேட்டை வரவழைத்து அதே வாசகத்தை மறுபடி எழுதினார். பிறகு ஊர்வலம் பற்றிய வரியைக் கோயில் தரப்பைக் கொண்டு வாசிக்க வைக்கவில்லை, சபைத் தரப்பைக் கொண்டு வாசிக்க வைத்தார். சப்பரம் பற்றிய வரியைக் கோயில் தலைவர் வாசித்தார். தனக்குக் கிடைத்ததை அல்ல, மற்றவருக்குக் கிடைத்ததை ஒவ்வொருவரும் சத்தமாகச் சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, தட்டித் தட்டி வாசித்தார்கள். நான் துணை வட்டாட்சியரான பிறகு நடத்திய கூட்டம் எல்லாவற்றிலும் இதைச் செய்தேன். நகலில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் இரு தரப்பும் பிடித்துவிடுவார்கள், ஏனென்றால் எதிராளியின் வரி அவரவர் வாயில் இருந்தது.

மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள். "பரீட்சையில இப்படி எழுதினா மார்க் போட மாட்டாங்க அத்தை" என்றாள். சரிதான். நோட்டில் இருப்பதையே எழுது என்றேன், அதுவும் தப்பில்லை. ஆனால் நாளைக்கு நீ ஒரு மேசையில் உட்காருவாய். ஒலிபெருக்கி அனுமதி ராத்திரி 10 மணிக்கு மேல் கிடையாது என்று விதி சொல்லும். உனக்குப் பிடித்த ஊர்க்காரர் வந்து பதினொன்று என்று எழுதித் தரச் சொல்வார். பிடிக்காத ஊர்க்காரர் பத்துக்கு ஒரு நிமிஷம் தாண்டினால் உன் பேனா விறைக்கும். அந்த இரண்டு நேரமும் உனக்கு உன்மேல் கண் இருக்கட்டும் என்றேன்.

மதநல்லிணக்கம் என்று பத்திரிகையில் படம் போடுவார்கள். பாதிரியாரும் குருக்களும் ஹஜ்ரத்தும் கைகோத்து நிற்பார்கள். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும், கத்தரித்துக்கூட வைத்திருக்கிறேன். அன்பு இருக்கும் ஊரில் அது போதும். அன்பு குறைந்துபோன வருடத்திலும் ஒரு பையனின் நெற்றி கிழியாமல் இருக்க வேண்டுமென்றால், இரு தரப்புக்கும் ஒரே சொல்லில் எழுதிய ஒரு தாள் வேண்டும்.

இந்த வருடம் அந்த ஊர்க் கொடைக்குப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவை. பழைய கம்பங்களை எடுத்துவிட்டுப் புதுக் கம்பம் நட்டிருக்கிறார்கள். எண் மாறியிருக்கிறது, ஆனால் இடம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. முன்பு 31-ஆம் கம்பம் நின்ற இடத்தில், ஒரு பெட்டிக்கடை ஓரமாக நின்றேன். ஊர்வலம் வந்தது. தவில், பம்பை, சிங்காரி மேளம். அந்த இடம் வந்ததும் மேளம் நின்றது. புதுசாகச் சேர்ந்த சின்னப் பையன் ஒருவன் மட்டும் தெரியாமல் இன்னும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டான். பக்கத்தில் வந்தவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒன்றும் சொல்லாமல் அவன் செண்டையின் தோல்மேல் கையை விரித்து வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு நடந்தார். செருப்புச் சத்தமும் சாமியாடியின் சலங்கைச் சத்தமும் மட்டும் கேட்டது. குருசடியில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, உள்ளே நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்க்காமல் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கம்பம் தாண்டியதும் அவர் கையை எடுத்தார்.